சாக்பீஸும் சுண்ணாம்புக்கல்லும்: கல்லூரிப் பாடப்பொருள்கள் குறித்து

தமிழ்நாட்டில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அ, ஆ சொல்லிக்கொடுக்க வேண்டுமென்றால் இரண்டு வருடப் பட்டயப் படிப்பு வேண்டும். அதற்குமேல் ஆசிரியர் தகுதித் தேர்வு. பத்தாம் வகுப்புக்குப் போனால் பி.எட். கேட்பார்கள். கல்லூரிக்கு வந்தால் இதில் எதுவும் கிடையாது. முதுகலைப் பட்டமும் நெட் அல்லது செட் தேர்ச்சியும் இருந்தால் போதும், அல்லது முனைவர் பட்டம் இருந்தால் போதும். மறுநாள் காலை அறுபது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்புக்குள் நுழைந்துவிடலாம்.

நெட் தேர்வில் கற்பித்தல் பற்றிக் கேட்கிறார்களே என்று சிலர் சொல்வார்கள். கேட்கிறார்கள்தான். முதல் தாளில் 50 கேள்விகள், பத்து அலகுகள். அந்தப் பத்தில் ஒன்று கற்பித்தல் திறன். பங்கு போட்டால் ஐந்து கேள்வி வருகிறது. நாலு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அவ்வளவுதான். நீச்சல் தெரியுமா என்று எழுத்துத் தேர்வு வைத்துக் கிணற்றில் இறக்கிவிடுகிற கதை இது.

அரசுக்கு இது தெரியாமலில்லை. 1986 தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து, 1987-இலிருந்து பல்கலைக்கழகங்களில் அகாடமிக் ஸ்டாஃப் காலேஜ் என்ற பெயரில் பயிற்சி மையங்களை யுஜிசி தொடங்கியது. 2015-இல் அவை மனிதவள மேம்பாட்டு மையங்கள் ஆயின. 2023-இல் மாளவியாவின் பெயரில் ஆசிரியர் பயிற்சி மையங்கள் ஆகிவிட்டன. பெயர்ப்பலகைகளின் வரலாற்றை இப்படித் தேதி போட்டுச் சொல்லிவிட முடிகிறது. உள்ளே நடக்கிற வகுப்பின் வரலாற்றை எழுதத்தான் அவ்வளவு எளிதில் விஷயம் கிடைப்பதில்லை.

அப்படி ஒரு புத்தொளிப் பயிற்சிக்கு நானும் போனேன். எந்த மையம் என்பது வேண்டாம். நல்ல சாப்பாடு, நல்ல மனிதர்கள். காலையிலிருந்து மாலைவரை ஒருவர் மாற்றி ஒருவர் வந்து பேசினார்கள். மாணவரை மையமாக வைத்துக் கற்பிப்பது எப்படி என்பதை ஒன்றரை மணி நேரம் ஒருவர் விரிவுரையாகவே நிகழ்த்தினார். நாங்கள் வாய் திறக்க இடமே வரவில்லை. கடைசி வாரம் ஆளுக்கொரு கற்பித்தல் பொருள் தயாரித்துக் கொடுக்கச் சொன்னார்கள். வந்து குவிந்தவை பெரும்பாலும் பி.பி.டி.கள். பாடநூலில் பத்தியாக இருந்ததைப் புள்ளி வைத்த வரிகளாக உடைத்து, பின்னால் நீல நிறம் கொடுத்து, ஓரத்தில் ஒரு புத்தகப் படம் ஒட்டினால் அதற்குக் கற்பித்தல் பொருள் என்று பெயர். எங்களுடன் வந்த வேதியியல் ஆசிரியர் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "சார், சர்டிபிகேட் வந்தா சரி. பிரமோஷனுக்கு இது ஒண்ணு குறையுது."

அவரைக் குறை சொல்லி ஒன்றும் ஆகப்போவதில்லை. பதவி உயர்வுக்காகவே வடிவமைக்கப்பட்ட பயிற்சியில் பதவி உயர்வைத்தான் எதிர்பார்ப்பார்கள். இதில் விடுபட்டுப் போகிறவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. அரசு கலைக் கல்லூரிகளில் பாதிச் சுமையைக் கௌரவ விரிவுரையாளர்கள்தான் இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்குப் பதவியும் நிரந்தரமில்லை, உயர்வும் கிடையாது. பயிற்சிக்குப் போகச் சொல்லவும் யாருமில்லை. முதலாமாண்டு வகுப்புகள் பெரும்பாலும் அவர்கள் தலையில்தான் விழுகின்றன. குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வரும் பிள்ளை, கல்லூரி என்றால் என்ன என்பதை முதலில் அவர்களிடம்தான் பார்க்கிறது.

என் விமர்சனத்தின் மையத்துக்கு வருகிறேன். கற்பிக்கும் திறனையும் கற்பிக்கும் பொருளையும் நம் ஊரில் இரண்டு கடைகளில் விற்கிறார்கள். திறனுக்குப் பயிற்சி மையம், பொருளுக்குப் பாடநூல் நிறுவனம் அல்லது மொழிபெயர்ப்புத் திட்டம். ஒன்று பாடம் எதுவாக இருந்தாலும் பொருந்துகிற பொதுவான உபதேசத்தைத் தருகிறது. மற்றது மாணவர் யாராக இருந்தாலும் பொருந்துகிற பொதுவான பக்கங்களை அச்சடிக்கிறது. லீ ஷுல்மன் என்ற அமெரிக்கக் கல்வியியலாளர் 1986-இலேயே இந்தப் பிரிவினைமேல் கைவைத்தார். பாட அறிவு ஒன்று, கற்பிக்கும் முறை பற்றிய அறிவு ஒன்று. இரண்டும் சேருமிடத்தில் மூன்றாவதாக ஓர் அறிவு இருக்கிறது என்றார். இந்தக் குறிப்பிட்ட பாடத்தில் மாணவன் எங்கே இடறுவான், என்ன தவறான எண்ணத்தோடு வருவான், எந்த உதாரணம் அவனுக்குப் பிடிபடும் என்கிற அறிவு அது. இது தெரிந்தவர்தான் ஆசிரியர். மற்றவர் நிபுணராக இருக்கலாம்.

ஹார்வர்டில் இயற்பியல் நடத்திய எரிக் மஸூரின் கதை பலருக்கும் தெரிந்திருக்கும். அவருடைய மாணவர்கள் கடினமான கணக்குகளைப் போட்டுத் தள்ளினார்கள். ஆனால் விசை பற்றிய அடிப்படையான, கணக்கே இல்லாத கேள்விகளில் தடுமாறினார்கள். 1990-களின் தொடக்கத்தில் அவர் விரிவுரையைக் குறைத்துக்கொண்டு, ஒரு கேள்வியைப் போட்டு, மாணவர்களைத் தங்களுக்குள் வாதாடவிட்டு, பிறகு விளக்கும் முறைக்கு வந்தார். ஹார்வர்டிலேயே அப்படி என்றால் அரியலூரில் எப்படி இருக்கும் என்று கேட்கலாம். அரியலூரில் இன்னும் வசதியாகவே இருக்கிறது என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் ரெட்டிபாளையம். ஊர்ப் பெயரைச் சொன்னதும் பலருக்குச் சிமெண்ட் ஆலை ஞாபகம் வரும். ஆலை இங்கே வந்ததற்குக் காரணம் பூமிக்குள் கிடக்கும் சுண்ணாம்புக்கல். ரெட்டிபாளையம், கல்லங்குறிச்சி வட்டாரத்துச் சுண்ணாம்புக்கல், கிரெட்டேசியஸ் காலத்தின் கடைசிப் பகுதியில், ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன், ஆழமில்லாத கடலில் படிந்தது. அதில் சிப்பிகள் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. சுரங்கத்தில் வேலை செய்கிறவர்கள் தினமும் காலால் மிதித்துப் போகிற சங்கதி இது. 1840-களில் கேய், கன்லிஃப் என்ற இருவர் திருச்சி, அரியலூர்ப் பக்கம் சேகரித்து அனுப்பிய தொல்லுயிர் எச்சங்களை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் லண்டனில் ஆராய்ந்து எழுதினார். அடுத்து பிளான்ஃபோர்ட் 1860-களின் தொடக்கத்தில் இந்தப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று வகைபிரித்து வைத்தார். ஸ்டோலிச்கா அவற்றிலுள்ள உயிரினங்களைத் தொகுதி தொகுதியாக விவரித்தார். இன்றைக்கும் உலகத்தில் எங்கே கிரெட்டேசியஸ் பற்றி எழுதினாலும் இந்த ஊர்ப் பெயர்கள் வரும். எங்கெங்கோ உள்ள பல்கலைக்கழகங்களிலிருந்து மாணவர்கள் பஸ் பிடித்து வந்து, சுத்தியலோடு காரையிலும் ஊட்டத்தூரிலும் ஓடை ஓடையாக இறங்கி ஏறிப் போகிறார்கள்.

அதே அரியலூர் மாவட்டத்துப் பையன் கல்லூரியில் சுண்ணாம்புக்கல் பற்றிப் படிக்கும்போது, அவன் கையிலுள்ள நோட்ஸில் உதாரணம் என்ன தெரியுமா? இங்கிலாந்தின் டோவர் கடற்கரை வெண்பாறை. அதுவும் நல்ல உதாரணம்தான். பிந்தைய கிரெட்டேசியஸ் பாறைதான். ஆனால் அவன் அப்பா வேலைக்குப் போகிற குழி, டோவருக்குப் பங்காளி என்று சொல்ல அந்த நோட்ஸில் ஒரு வரி இல்லை. ஆங்கிலத்தில் எழுதிய மூல நூல் டோவரைச் சொன்னது நியாயம். தமிழில் பெயர்த்தவர் சொற்களைப் பெயர்த்தார், கல்லைப் பெயர்க்கவில்லை.

வகுப்பில் ஒரு துண்டுக் கல்லைக் கொடுத்து, "இந்தச் சிப்பி இங்க எப்படிப்பா வந்துச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். கடற்கரைக்குப் போக இங்கிருந்து பஸ்ஸில் பாதி நாள் ஆகும். வருகிற பதில்களைப் பல வருடமாகக் குறித்துவைத்திருக்கிறேன். முதலில் வருவது சுனாமி. "சுனாமில அடிச்சிக்கிட்டு வந்திருக்கும் சார்." இரண்டாவது கடல்கோள்; தமிழ்ப் பாடத்தில் குமரிக்கண்டம் படித்த பிள்ளைகள் சொல்வது. மூன்றாவது, யாரோ சாப்பிட்டுப் போட்டது. (இந்த மூன்றாவது பதிலைச் சொன்ன பெண்ணை வகுப்பே சிரித்தது. தொல்லியலில் அப்படிச் சிப்பி மேடுகள் உண்மையிலேயே இருக்கின்றன, அந்தப் பெண்ணின் ஊகம் மற்ற இரண்டைவிட ஒருபடி மேல் என்று நான் விளக்க வேண்டியிருந்தது.)

இந்த மூன்று பதிலும் அறியாமை அல்ல. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கோட்பாடு இருக்கிறது. அதை உடைக்காமல் "மாஸ்ட்ரிக்டியன் காலப் படிவுகள்" என்று கரும்பலகையில் எழுதினால் மாணவன் எழுதிக்கொள்வான், தேர்வில் திருப்பித் தருவான், சுனாமி அவன் தலைக்குள் அப்படியே இருக்கும். 2020-இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பகுதியில் உருண்டையான கற்கள் கிடைத்தபோது டைனோசர் முட்டை என்று செல்போன்களில் பரவியது நினைவிருக்கலாம். அவை அம்மோனைட் சார்ந்த படிவ உருண்டைகள் என்று வல்லுநர்கள் சொன்னபிறகுதான் அடங்கியது. அதைப் பகிர்ந்தவர்களில் பட்டம் வாங்கியவர்களும் இருந்தார்கள்.

அலை அடித்துக்கொண்டு வந்தால் என்ன ஆகும்? எல்லாம் கலந்து, நொறுங்கி, ஒரே ஒரு மெல்லிய அடுக்காகக் கிடக்கும். இங்கே மீட்டர் கணக்கில் தடிமன். சிப்பிகள் தலைமுறை தலைமுறையாக ஒன்றின்மேல் ஒன்று வாழ்ந்து செத்த படுகை. இரண்டு ஓடும் சேர்ந்து மூடியபடி ஏதாவது கிடைக்கிறதா என்று தேடச் சொல்வேன். கிடைத்தால் அது தூரத்திலிருந்து உருண்டு வந்திருக்குமா என்று அவர்களே வாதாடிக்கொள்வார்கள். நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டிய பத்து நிமிடம் அது. எந்தப் பயிற்சி மையத்திலும் எனக்கு அதைச் சொல்லித்தரவில்லை. அந்தப் பத்து நிமிடம் பேசாமலிருப்பது, ஐம்பது நிமிடம் பேசுவதைவிடக் கஷ்டம்.

காலம் இன்னொரு தடை. ஏழு கோடி என்றால் மாணவனுக்கு அரசாங்க பட்ஜெட் மாதிரி ஒரு எண், அவ்வளவுதான். எங்கள் மாவட்டத்தில் கங்கைகொண்ட சோழபுரம் இருக்கிறது. ராஜேந்திரன் கட்டி ஏறத்தாழ ஆயிரம் வருடம். பிள்ளைகளுக்குத் தெரிந்த மிகப் பழைய கட்டடம் அதுதான். ஆயிரம் வருடத்தை ஒரு மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 7 கோடி வருடம் 70 மீட்டர். மைதானத்தில் 70 மீட்டருக்குக் கயிறு போட்டு, அந்த முனையில் ஒருவன் சிப்பிக்கல்லோடு நிற்பான். இந்த முனையில் ஸ்கேலில் ஒரு மில்லிமீட்டர் அளந்து "இதுதான் பெரிய கோயில்" என்பான் இன்னொருவன். 2004 சுனாமி அந்த ஸ்கேலில் தலைமுடியின் தடிமனுக்கும் குறைவு. இதற்குச் செலவு ஒரு கயிறு.

இன்னொன்று, ஆசிரியர் கையிலேயே இருக்கிறது. கிரெட்டேசியஸ் என்ற பெயரே சாக் என்ற வெண்சுண்ணப் பாறையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஆனால் நாம் வகுப்பில் பிடித்திருக்கும் சாதாரண சாக்பீஸ் பெரும்பாலும் ஜிப்சத்திலிருந்து செய்தது. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் இரண்டு சொட்டு ரெட்டிபாளையம் கல்மேல் விட்டால் பொங்கும். சாக்பீஸ்மேல் விட்டால் சும்மா ஊறும். "பேரு சாக்குன்னு வச்சிக்கிட்டு ஏன் சார் பொங்கல?" என்று கேள்வி வரும். அந்தக் கேள்விதான் பாடம். ஜிப்சமும் வேறெங்கோ தேட வேண்டியதில்லை, காரைப் பக்கத்துக் களிமண்ணில் நரம்பு நரம்பாக ஓடுகிறது. சிமெண்ட் செய்யும்போது கடைசியில் கொஞ்சம் ஜிப்சம் சேர்ப்பதும் அது சீக்கிரம் இறுகிவிடாமலிருக்கத்தான்.

வேதியியல்காரர்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஒரு டிப்பர் லாரியில் 20 டன் சுண்ணாம்புக்கல் போகிறது. முழுக்கச் சுத்தமான கால்சியம் கார்பனேட் என்று வைத்துக்கொள். சூளையில் எவ்வளவு சுண்ணாம்பாக மிஞ்சும், எவ்வளவு கார்பன் டை ஆக்சைடாக மேலே போகும்? நூறுக்கு 56, 44 என்று வரும். 20 டன்னில் 8.8 டன் காற்றில் போகிறது. இந்தக் கணக்கைப் போட்ட மாணவன் அதற்கப்புறம் ரோட்டில் லாரியைப் பார்க்கிற பார்வை வேறு. எரிபொருளை இதில் இன்னும் சேர்க்கவே இல்லை.

இதையெல்லாம் சேர்த்து எட்டுப் பக்கத்தில் தமிழில் ஒரு கைப்பிரதி செய்தேன். பயன்படுத்தவும் செய்கிறேன். இதற்கு வந்த விமர்சனங்களையும் சொல்லிவிட வேண்டும். சக ஆசிரியர் ஒருவர், "இது ஸ்கூல் பாடம் மாதிரி இருக்கு சார்" என்றார். உயர்கல்வி என்றால் புரியாத மாதிரி இருக்க வேண்டும் என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. ராஜாஜி வேதியியல் எழுதித் 'திண்ணை ரசாயனம்' என்று பெயர் வைத்தாரே, அந்தத் திண்ணையைக் கல்லூரிக் கட்டடத்தில் இடித்துவிட்டார்கள். இரண்டாவது விமர்சனம் மாணவர்களிடமிருந்து வந்தது, இதுதான் வலித்தது: "சார், இது எக்ஸாமுக்கு வருமா?" வராது. ஐந்து அலகுப் பாடத்திட்டம், அலகுக்கு இத்தனை மதிப்பெண், "சுண்ணாம்புக்கல்லின் வகைகளை விவரி". வகைகளை விவரிக்க ஜெராக்ஸ் கடை நோட்ஸே போதும். தேர்வுத்தாள் மாறாமல் பாடப்பொருளை மட்டும் மாற்றுவது, வாய்க்காலை அடைத்துவிட்டு மடையைத் திறப்பது மாதிரி.

பாடநூல் வரலாற்றைப் பார்த்தால், தமிழில் இதற்கு முன்மாதிரி இல்லாமலில்லை. யாழ்ப்பாணம் மானிப்பாயில் சாமுவேல் பிஷ் கிறீன் 1848 வாக்கில் மருத்துவ வகுப்பைத் தொடங்கினார்; 1864-இலிருந்து தமிழிலேயே நடத்தினார். கிரேயின் உடற்கூற்று நூல் உட்பட 4000 பக்கங்களுக்கு மேல் தமிழில் வந்தது அவர் முயற்சியால். அவரை மொழிபெயர்ப்பாளர் என்று மட்டும் பாராட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. தன்னிடம் படித்தவர்களையே மொழிபெயர்ப்பில் கூட்டாளி ஆக்கினார். கலைச்சொல்லுக்கு முதலில் தமிழில் தேடுவது, இல்லையென்றால் வடமொழி, அதுவும் இல்லையென்றால் ஆங்கிலத்தையே எழுதுவது என்று ஒழுங்கு வைத்துக்கொண்டார். முக்கியமாக, நூல் அச்சாகிற காலத்தில் வகுப்பும் நடந்துகொண்டிருந்தது. புரியாத சொல் மறுநாளே தெரிந்துவிடும். 1873-இல் அவர் அமெரிக்கா திரும்பினார். அங்கிருந்தும் மொழிபெயர்ப்பு வேலையைத் தொடர்ந்தார், ஆனால் வகுப்பு ஆங்கிலத்துக்குப் போய்விட்டது. அரசு வேலைக்கு ஆங்கிலம் வேண்டியிருந்தது.

தமிழ்நாட்டில் 1960-இல் கோவை அரசு கலைக் கல்லூரியில் தமிழ்வழிப் பட்ட வகுப்பு சோதனையாகத் தொடங்கியது. அதற்காகத் தமிழ் வெளியீட்டுக் கழகம், பிறகு 1970-இல் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம். அடுத்த இருபது ஆண்டுகளில் பல நூறு கல்லூரி நூல்கள் வந்தன. தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்தில் இவற்றில் பலவற்றை இன்று பி.டி.எஃப். ஆகவே இறக்கிக்கொள்ளலாம். நான் கணிசமாகப் படித்திருக்கிறேன். உழைப்பு பிரமிக்க வைக்கிறது. வரலாறு, அரசியல், பொருளாதாரம் ஆகியவற்றில் இன்றும் பயன்படக்கூடிய நல்ல நூல்கள் உண்டு. அறிவியல் நூல்களில் எனக்குத் திருப்தியில்லை. கலைச்சொல் அகராதி பின்னால் ஒழுங்காக இருக்கும். மாணவன் செய்து பார்க்க ஒரு வேலை இருக்காது. நூலாசிரியர் தனியாக உட்கார்ந்து எழுதியிருக்கிறார், வகுப்பு அவருக்குத் தெரியும் ஆனால் நூலுக்குத் தெரியவில்லை. கிறீன் நூலுக்கும் இவற்றுக்கும் உள்ள வித்தியாசம் தமிழின் தரத்தில் இல்லை, இங்கேதான் இருக்கிறது.

2010-இல் அண்ணா பல்கலைக்கழகம் சிவில், மெக்கானிக்கல் படிப்புகளைத் தமிழ்வழியில் தொடங்கியது. 2023 மே மாதம், சேர்க்கை குறைவு என்று உறுப்புக் கல்லூரிகளில் நிறுத்துவதாக அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் திரும்பப் பெற்றது. 2021-இலிருந்து ஏஐசிடிஇ-யும் இந்திய மொழிகளில் பொறியியல் நூல்களைக் கொண்டுவருகிறது. கணினி மொழிபெயர்ப்பு கைகொடுக்கிறது. பக்கங்களின் எண்ணிக்கை இனிமேல் பிரச்சினையே அல்ல. ஒரு ராத்திரியில் ஆயிரம் பக்கம் தமிழாகிவிடும். டோவர் மட்டும் டோவராகவே இருக்கும்.

கலைச்சொல் பற்றி ஒன்று. என் துறைக்குத் தமிழில் என்ன பெயர்? பள்ளிச் சமூக அறிவியல் புத்தகத்தில் புவியியல் என்றால் நாடு, மலை, ஆறு, பருவமழை. அதே தமிழ்நாட்டு அரசின் புவியியல் மற்றும் சுரங்கத்துறையில் புவியியல் என்றால் பாறையும் கனிமமும். பாடம் நடத்துகிற நாங்கள் நிலவியல் என்கிறோம். சில பழைய நூல்களில் மண்ணியல். பிளஸ் டூ முடித்த பிள்ளை சேர்க்கை விண்ணப்பத்தில் எதை நினைத்துக் கட்டத்தில் டிக் அடிக்கும்? முதலாண்டு முதல் வாரத்தில் "இது வேற புவியியலா சார்?" என்று கேட்காத வருடமில்லை. அறுபது வருடமாகக் கலைச்சொல் குழுக்கள் கூடியிருக்கின்றன. துறையின் பெயரையே முடிவுசெய்யாமல் ஆயிரக்கணக்கான சொற்களை முடிவுசெய்திருக்கிறார்கள்.

ஆங்கிலம் இல்லாவிட்டால் வேலை கிடைக்குமா என்ற கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. ரெட்டிபாளையம் ஆலையிலேயே வேதியியல் ஆய்வக வேலைக்குப் போனாலும் அறிக்கை ஆங்கிலத்தில்தான். அதனால்தான் கைப்பிரதியில் கடைசி இரண்டு பக்கத்தை அதே விஷயத்துக்கான எளிய ஆங்கிலமாக வைத்திருக்கிறேன். கல்லைத் தமிழில் புரிந்துகொண்டவன் அதை ஆங்கிலத்தில் சொல்லக் கற்பது ஒரு மாத வேலை. புரியாததை ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்தவனுக்கு மூன்று வருடமும் போதவில்லை, கண்ணால் பார்க்கிறேன்.

கடைசியாகப் புள்ளிக் கணக்கு. யுஜிசியின் 2018 விதிமுறையில் முழு மூக் பாடம் தயாரித்தால் 20, தேசியப் பதிப்பாளர் வெளியிட்ட நூலுக்கு 10, மொழிபெயர்த்த நூலுக்கு 8. புதுமையான கற்பித்தல் முறைக்கு 5 என்று ஒரு வரி இருக்கிறதுதான். எட்டுப் பக்கக் கைப்பிரதியை அதற்குள் ஏற்றிக் காட்டுவது குதிரைக்கொம்பு. பணம் கொடுத்தால் ஐஎஸ்பிஎன் எண்ணோடு முப்பது நாளில் நூல் போட்டுக்கொடுக்க ஆட்கள் இருக்கும்போது, இருபது முறை வகுப்பில் வைத்துத் திருத்திய ஒரு பக்கத்துக்கு யார் மெனக்கெடுவார்கள்? மூக் பாடத்துக்கு யுஜிசி சொல்லும் நான்கு கூறுகளில் ஒன்று மாணவர் விவாதம். அது அநேகமாகக் காலியாகக் கிடப்பதைப் போய்ப் பாருங்கள். மற்ற மூன்றையும் கேமரா முன் உட்கார்ந்து செய்துவிடலாம், நான்காவதற்கு ஆள் வேண்டும்.

கைப்பிரதியைக் கேட்கிற ஆசிரியர்களுக்கு அனுப்புகிறேன், விலையில்லை. ஒரே நிபந்தனை: அப்படியே நடத்தக் கூடாது, உங்கள் ஊர்க் கல்லைப் போட்டு மாற்ற வேண்டும். சேலத்து நண்பர் ஒருவர் வாங்கிப்போய் இரண்டு வாரம் கழித்து போன் செய்தார். அங்கே வெள்ளைக்காரர்கள் சாக் ஹில்ஸ் என்று பெயர் வைத்த மலையில் சாக்கே கிடையாது, இருப்பதெல்லாம் மாக்னசைட். குளிர்ந்த அமிலத்தில் அது சட்டென்று பொங்காது; பொடி செய்து சூடாக்க வேண்டும். "பசங்க, பேரே பொய்யாங்கிறானுங்க. அடுத்த வகுப்புல என்ன பண்றது?" என்றார். பேர் வைத்தவர் அமிலம் கொண்டுபோனாரா என்று கேட்கச் சொன்னேன்.